ஆசனங்களின் கதை: யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள். இலங்கையின் புதிய அரசாங்க சபைத் தேர்தலுக்கு நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டிய நாள் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என நான்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆணும் பெண்ணுமாய், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை வழங்கி நடத்தப்படவிருந்த முதல் தேர்தல் அது. ஆசியாவிலேயே அத்தகைய தேர்தல் அதுவரை நடந்ததில்லை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். நாள் முழுவதும் கழிந்தது. நான்கு தொகுதிகளில் ஒன்றிலேனும் ஒருவர்கூடப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அந்த நான்கு ஆசனங்களும் மூன்று ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தன.

இதனைச் செய்துகாட்டியவர்கள் பெருநிலக்கிழார்களோ, சட்டநிரூபண சபையில் பழந்தின்று கொட்டையிட்ட வழக்கறிஞர்களோ அல்லர். பள்ளி ஆசிரியர்கள், அவர்களிடம் பயின்ற மாணவர்கள், கல்லூரியை விட்டு வெளியேறி ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்பது அவர்களுடைய அமைப்பின் பெயர். அவ்வமைப்பு தோன்றிய விதத்தையும், அது எதற்காகப் பாடுபட்டது என்பதையும், தன் வெற்றியின் உச்சத்திலேயே அது எவ்வாறு சரியத் தொடங்கியது என்பதையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண முயல்வோம்.

தமிழிலக்கியம் பயிற்றும் நமக்கு இந்த வரலாற்றில் என்ன அக்கறை என்று நண்பர்கள் வினவக்கூடும். அக்கறை உண்டு. யாழ்நூல் என்றவுடன் சுவாமி விபுலானந்தரை நினைக்கிறோம். பத்துப்பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்றவுடன் ஜே. வி. செல்லையாவை நினைக்கிறோம். ஒருவர் பண்ணிசை ஆராய்ந்த துறவி, மற்றவர் சங்கப்பாட்டைப் பிறமொழியில் பெயர்த்த ஆசிரியர் என்ற அளவில் வகுப்பறையில் சொல்லி முடித்துவிடுகிறோம். இவ்விருவருமே அந்த இளைஞர் அமைப்பின் ஆண்டு மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவர்கள் என்பதை நாம் மாணவர்களிடம் சொல்வதில்லை. நமக்கே அது வெகுகாலம் தெரியாதிருந்தது என்பதே உண்மை. புலமையைத் தனியாகவும் பொதுவாழ்வைத் தனியாகவும் பிரித்து வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

விளைநிலம்

1920களின் யாழ்ப்பாணத்தைச் சற்று மனக்கண்முன் கொண்டுவருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கிய மண் அது. 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி, ஆசியாவின் தொன்மையான ஆங்கில உயர்கல்விக் கூடங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அதன் வழிவந்ததே 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி. மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாகச் சைவப் பள்ளிகளும் எழுந்தன. இவ்விரண்டின் பயனாக, கற்றறிந்த இளைஞர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. தண்ணீருக்குக் கிணற்றையும் பொருளுக்குப் பனையையும் புகையிலையையும் நம்பியிருந்த குடாநாட்டில் அத்தனை பேருக்கும் வேலை ஏது? கொழும்பு எழுத்தர் பணிக்கும், மலாயாவின் ரயில்வே உத்தியோகத்துக்கும் அவர்கள் கப்பலேறினர். ஆங்கிலம் பிழைப்பின் திறவுகோல் ஆயிற்று. தமிழ் வீட்டுக்கும் கோவிலுக்கும் உரியதாக ஒதுங்கியது.

இத்தனை பள்ளிகளுக்கு நடுவிலும் சாதி அசையாமல் நின்றது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் இடமில்லை. இடம் கிடைத்த பள்ளிகளிலோ வாங்கு கிடையாது. மற்றப் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்திருக்க, அவர்கள் தரையில் அமர்ந்து பாடங் கேட்டனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஆசனம் மட்டும் வேறு. கோவில் வாசலும் ஊர்ப் பொதுக் கிணறும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன.

அரசியலிலோ ஒரு வெற்றிடம் நிலவியது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவராக விளங்கியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் அளித்த வாக்குறுதி காற்றில் பறக்கவே, 1921இல் அவர் மனம் நொந்து வெளியேறினார். 1924 ஜனவரியில் தமிழகத்தில் யாத்திரையில் இருந்தபோது மதுரையில் காலமானார். தமிழ்த் தலைவர்களும் சிங்களத் தலைவர்களும் இணைந்து நின்ற ஒரு காலம் அவரோடு முடிந்துவிட்டது எனப் பலரும் எண்ணினர். அதே 1924ஆம் ஆண்டின் இறுதியில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சார்ந்த சில இளைஞர்கள் கூடி, மாணவர் காங்கிரஸ் என்றோர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். பிற்காலத்தில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது இதுவே. அவர்களுள் முதன்மையானவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 25.

கீரிமலையில் ஒரு மாநாடு

1925 ஏப்ரலில் முதல் ஆண்டு மாநாடு கீரிமலையில் கூடியது. கடலோரத்தில் நன்னீர் ஊற்றுக் கேணி உள்ள தலம் அது. ஆடி அமாவாசையில் முன்னோருக்குக் கடன் கழிக்க மக்கள் திரளும் இடத்தில், பின்வருவோருக்கான கடமையைப் பேச இளைஞர்கள் கூடினார்கள். தலைமை வகித்தவர் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஜே. வி. செல்லையா. மாணவர்கள் கூட்டிய மாநாட்டுக்கு அவர்களுடைய ஆசிரியரே தலைமை ஏற்றார் என்பதைக் கவனிக்கவேண்டும். இவ்வியக்கத்தின் இயல்பே அதுதான். குருவுக்கும் சீடனுக்கும் இடையே வளர்ந்த இயக்கம் அது. பள்ளிக்கூடமே அதன் பாசறை.

அவர்கள் வகுத்துக்கொண்ட நோக்கங்களை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, சாதி வேற்றுமையையும் தீண்டாமையையும் அகற்றுதல். இரண்டு, தாய்மொழிக் கல்வியையும் நாட்டுக்குரிய கலை, உடை, கைத்தொழில் முதலியவற்றையும் வளர்த்தல். மூன்று, சமய பேதமும் இன பேதமும் பாராமல் சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் அனைவரும் ஒரு நாட்டினர் என்ற உணர்வை உண்டாக்குதல். நான்கு, அந்நிய ஆட்சியிலிருந்து முழு விடுதலை. அக்காலத்துக் கொழும்புத் தலைவர்கள் படிப்படியான சீர்திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மாணவரும் சுயராச்சியம் என்ற சொல்லை எடுத்தாண்டார்கள். தமிழகத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து வந்த காற்று அது.

அமைப்பின் மேடை எல்லோருக்கும் திறந்திருந்தது. 1926 ஜூலையில் ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பி ஓராண்டே ஆகியிருந்த ஓர் இளைஞர் யாழ்ப்பாணத்துக்கு அழைக்கப்பட்டார். இலங்கையின் பல்வேறு மக்கட்குழுக்களுக்கும் ஏற்றது சமஷ்டி ஆட்சிமுறையே என்று மாணவர் காங்கிரஸ் ஏற்பாடு செய்த கூட்டத்தில் அவர் உரையாற்றினார். அவர் பெயர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. பேரின்பநாயகம் பிறந்த அதே 1899இல் பிறந்தவர். 30 ஆண்டுகள் கழித்து, 1956இல், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றிய பிரதமரும் அவரே. வரலாறு சில வேளைகளில் கதாசிரியனைக் காட்டிலும் கொடியதாகக் கற்பனை செய்கிறது.

சமாசனமும் சமபோசனமும்

வாலிபர் காங்கிரஸின் பணிகளுள் மண்ணில் கால் பதித்தது எது என்று கேட்டால், சாதி ஒழிப்பு முயற்சியையே நாம் சுட்டுவோம். அதனை இரண்டு சொற்களில் அடக்கலாம்: சமாசனம், சமபோசனம். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும். பந்தியில் எல்லோரும் ஒருங்கே இருந்து உண்ணவேண்டும்.

இன்று கேட்பதற்கு இவை எளிய கோரிக்கைகளாகத் தோன்றலாம். அன்றைய யாழ்ப்பாணத்தில் இவை ஊரைக் கொளுத்தும் சொற்கள். மிகையாகச் சொல்லவில்லை. 1920களின் இறுதியில் அரசின் உதவிபெறும் பள்ளிகளில் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, உயர்சாதியினரிடமிருந்து கடுமையான எதிர்ப்புக் கிளம்பியது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். விதியை நீக்கக்கோரி மனுக்கள் சென்றன. 1930ஐ ஒட்டிய காலத்தில் சில பள்ளிகள் இரவோடிரவாகத் தீக்கிரையாக்கப்பட்டன. ஏழைப்பிள்ளை தரையிலிருந்து ஒரு முழ உயரம் எழுந்து வாங்கில் அமர்வதைப் பொறுக்கமாட்டாமல் பள்ளியையே எரிக்கும் மனம் கல்விக்குப் பெயர்போன அந்த மண்ணிலும் இருந்தது.

இந்தச் சூழலில்தான் காங்கிரஸ் இளைஞர்கள் சமாசனத்தை வெளிப்படையாக ஆதரித்தார்கள். ஆசிரியர்களாக இருந்தமையால் தத்தம் வகுப்பறைகளிலேயே அதற்காக உழைக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இருந்தது. சமபந்தி விருந்துகள் ஏற்பாடு செய்யப்பட்டன. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் செம்பு ஒன்று, சிரட்டை ஒன்று என்று வைத்திருப்போர் எக்காலத்தும் உளர். பந்தியில் பக்கத்தில் அமர்ந்து உண்பவன் அந்த வசதியை இழந்துவிடுகிறான். அவனை ஊர் கண்டுவிடுகிறது. அந்த இளைஞர்கள் உயர்சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும். ஆகவே அவர்கள் இழக்க நேர்ந்தது தம் சொந்தச் சுற்றத்தின் நன்மதிப்பையே.

மொழித்துறையிலும் அவர்கள் நோக்குத் தெளிவாக இருந்தது. கல்வி தாய்மொழி வாயிலாக நடைபெறவேண்டும்; தமிழர் சிங்களமும் சிங்களர் தமிழும் கற்கவேண்டும் என்றனர். ஆங்கிலத்தில் நன்கு தேர்ந்த ஆசிரியர்களே இதனைச் சொன்னார்கள் என்பதில்தான் இதன் எடை இருக்கிறது. 1928இல் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் விபுலானந்தர். அவர் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் கற்றவர், 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டவர், பள்ளிகளை நிருவகித்துக்கொண்டிருந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்கு வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பு அவர் நின்ற மேடை இது. நாம் நன்கறிந்த தமிழ்ப் பேராசிரியருக்குப் பின்னே, இளைஞர் மாநாட்டில் தேசிய வாழ்வு குறித்துப் பேசிய ஒரு துறவி நிற்கிறார்.

காந்தியடிகள் வந்த நான்கு நாள்கள்

மாணவர் காங்கிரஸின் புகழை ஊரெங்கும் பரப்பிய நிகழ்ச்சி காந்தியடிகளின் வருகை. கதர் நிதி திரட்டும் பொருட்டு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், பயணத்தின் இறுதிப் பகுதியாக நவம்பர் 26 முதல் 29 வரை யாழ்ப்பாணத்தில் தங்கினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்பதில் முன்னின்றவர்கள் மாணவர் காங்கிரஸினரே. உடன் கஸ்தூரிபாவும், இராஜாஜியும், மகாதேவ தேசாயும் வந்திருந்தனர். இப்பயணத்தைப் பற்றித் தேசாய் எழுதிய நூல் மறு ஆண்டே வெளிவந்தது.

அந்த நான்கு நாள்களில் காந்தியடிகள் கல்லூரி கல்லூரியாகச் சென்றார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, உடுவில் மகளிர் பள்ளி, இராமநாதன் கல்லூரி எனப் பல இடங்களில் மாணவ மாணவியரிடையே பேசினார். கதரைப் பற்றியும் மதுவிலக்கைப் பற்றியும் பேசியவர், தீண்டாமையைக் குறித்தும் யாழ்ப்பாணத்து இந்துக்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வரவேற்பு வளைவு கட்டியவர்களுக்கு அது இனித்திருக்க முடியாது. ஆயின் காங்கிரஸ் இளைஞர்களுக்கு அது பெருந்துணையாயிற்று. அதுவரை சில ஆசிரியர்களின் விபரீத ஆசையாகத் தோன்றிய சமாசனக் கோரிக்கைக்கு மகாத்மாவின் வாக்குப் பின்பலமாக வந்து சேர்ந்தது.

டொனமூர் தந்ததும் தராததும்

காந்தியடிகள் இலங்கையில் இருந்த அதே நவம்பரில் இன்னொரு குழுவும் வந்திறங்கியது. டொனமூர் பிரபுவின் தலைமையில் பிரித்தானிய அரசு அனுப்பிய ஆணைக்குழு அது. 1928இல் வெளிவந்த அதன் அறிக்கை இரண்டு பெரிய மாற்றங்களைப் பரிந்துரைத்தது. ஒன்று, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தல். மற்றொன்று, சர்வஜன வாக்குரிமை. அதுவரை மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கு விழுக்காட்டினருக்கே வாக்கு இருந்தது. சொத்தோ வருமானமோ உடைய, எழுத்தறிவு பெற்ற ஆண்கள் அவர்கள். இனி, மரமேறுபவரும் வண்ணாரும் அவர்தம் மனைவியரும் வாக்களிக்கலாம்.

இதனை எதிர்த்தவர்களுள் தமிழர் தலைவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் முக்கியமானவர். 1929 டிசம்பரில் இந்த யாப்பு சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளில், இரண்டே வாக்கு வேறுபாட்டில், ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு இராமநாதன் மறைந்தார்.

வாலிபர் காங்கிரஸும் டொனமூர் யாப்பை எதிர்த்தது. ஆனால் காரணம் நேர்மாறானது. இனவாரி ஆசனங்கள் போனதில் அவர்களுக்கு வருத்தமில்லை. அவர்களே அதனை வேண்டாதவர்கள். தேசாதிபதியின் கையில் மேலதிகாரம் தொடர்வதும், நிதி, நீதி முதலிய பொறுப்புகள் தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரிகளிடமே இருப்பதும் அவர்களை உறுத்தின. இது சுயராச்சியம் ஆகாது என்றார்கள். 1930இல் இந்தியாவில் உப்புச் சத்தியாக்கிரகம் பற்றியெரிந்தது. 1931 ஏப்ரலில் நடந்த ஆண்டு மாநாட்டுக்கு, அச்சத்தியாக்கிரகத்தில் சிறைசென்ற கமலாதேவி சட்டோபாத்யாயர் தலைமை தாங்கினார். தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்ற தீர்மானம் அம்மாநாட்டிலே நிறைவேறிற்று.

தேர்தலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பெருந்தலைகளும் பணிந்தன. சிலர் மனமொத்து விலகினர். சிலர் ஊர்வாய்க்கு அஞ்சி விலகினர். இனவாரி ஆசனங்கள் பறிபோன சினத்தால் பகிஷ்கரிப்பை ஆதரித்தவர்களும் உண்டு. ஆக, ஒரே முடிவுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பொருந்தாத நோக்கங்கள் கைகோத்து நின்றன. பின்னாளில் வந்த குழப்பத்துக்கு வித்து இங்கேயே இருந்தது.

தெற்கிலும் இப்பகிஷ்காரம் பரவும் என்று இளைஞர்கள் எதிர்பார்த்தனர். சிங்கள இளைஞர்களுள் இடதுசாரிச் சார்புடையோர் யாழ்ப்பாணத்தின் துணிவைப் போற்றினர். தெற்கின் இளைஞர் கழகங்களுக்கு அது ஓர் உந்துதலாகவும் அமைந்தது. எனினும் தேர்தல் குறித்தபடி நடந்தது. 50 தொகுதிகளுள் 46க்கு உறுப்பினர்கள் கிடைத்தனர். ஏழு அமைச்சர்கள் பொறுப்பேற்றனர். மலையகத்திலிருந்து சென்ற பெரி. சுந்தரம் அவர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்கள் மட்டும் காலியாகக் கிடந்தன.

யாருடைய வாக்கு?

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். வாலிபர் காங்கிரஸை விரும்பிப் படிப்பவர்களும்கூட விரைந்து கடந்துவிடும் இடம் இது.

1931இல் புதிதாக வாக்குரிமை பெற்றவர் யார்? பள்ளியில் தரையில் அமர்த்தப்பட்ட அதே பிள்ளைகளின் தந்தையரும் தாயரும். அவர்கள் வாழ்நாளில் முதன்முறையாக, நிலமுடையவனின் வாக்கும் தம் வாக்கும் ஒரே பெட்டியில் ஒரே எடையோடு விழும் நாள் வந்திருந்தது. சமாசனம் என்பதன் உச்ச வடிவம் வாக்குப்பெட்டி அல்லவா? அந்த நாளை யாழ்ப்பாணத்தில் தள்ளிவைத்தவர்கள், சமாசனத்துக்காக ஊர்ப்பகை தேடிக்கொண்ட அதே இளைஞர்கள்தாம். தெற்கிலும் கிழக்கிலும் ஏழை எளியோர் வாக்களித்த அந்த ஜூன் மாதத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் வாக்களிக்கவில்லை. வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்ததால் அன்று. அவர்களுக்காகப் பிறர் முடிவெடுத்ததால்.

இதனால் அந்த இளைஞர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. முழு விடுதலை என்ற பேரிலட்சியத்தின் ஒளியில் வாக்குரிமை அவர்கள் கண்களுக்கு அரைகுறைச் சலுகையாகத் தெரிந்தது. பெரிய கனவு கண்டவர்களுக்குக் கைக்கெட்டிய சிறிய உரிமை அற்பமாய்த் தெரிவது இயல்பே. ஆனால் அச்சிறிய உரிமை யாருக்குப் பெரிது என்ற வினாவை அவர்கள் எழுப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசினார்கள். ஒடுக்கப்பட்டோர் அவர்களுடைய முடிவெடுக்கும் அவையில் எத்தனை பேர் இருந்தனர்? இளைஞர் இயக்கம் எதுவாயினும், சமூகத்தின் தேவையைக் கையிலெடுக்கும்போது கேட்டுக்கொள்ளவேண்டிய முதற்கேள்வி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

சரிவும் எச்சமும்

வெற்று ஆசனங்கள் நெடுநாள் வெறுமையாக இருக்கமாட்டா. பகிஷ்காரத்தைக் கைவிடவேண்டும் என்ற குரல் ஓரிரு ஆண்டுகளிலேயே வலுத்தது. 1934இல் நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் பருத்தித்துறையிலிருந்தும், அருணாசலம் மகாதேவா யாழ்ப்பாணத்திலிருந்தும், எஸ். நடேசன் காங்கேசன்துறையிலிருந்தும், நெவின்ஸ் செல்வதுரை ஊர்காவற்றுறையிலிருந்தும் சபைக்குச் சென்றனர். 1936இல் அமைச்சர்கள் அனைவரும் சிங்களராகவே அமைந்தபோது தமிழரிடையே அச்சம் பெருகியது. பொன்னம்பலத்தின் சரிக்குச் சரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை, அதாவது ஐம்பதுக்கு ஐம்பது, செல்வாக்குப் பெற்றது. வாலிபர் காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. இனவாரி அரசியல் இரு தரப்புக்கும் நஞ்சு என்றே சொல்லிவந்தது. ஆனால் அக்குரலைக் கேட்பார் குறைந்துகொண்டே போயினர். 1930களின் இறுதியில் இயக்கம் ஓய்ந்தது.

இயக்கம் ஓய்ந்ததே தவிர, அதில் உருவானவர்கள் ஓயவில்லை. ஆசிரியர்கள் தத்தம் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார். தாய்மொழிக் கல்விக்காகத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். 1956இன் மொழிச்சட்டத்தையும் 1958இன் கலவரத்தையும் அந்த அதிபர் நாற்காலியிலிருந்தே அவர் காண நேர்ந்தது. தமிழர் சிங்களமும் சிங்களர் தமிழும் படிக்கவேண்டும் என்று இளமையில் கனவு கண்டவருக்கு அது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1977இல் அவர் மறைந்தார்.

சமாசனத்தின் கதையும் அங்கே முடியவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கையில் 1957இல்தான் வந்தது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல உரிமை கேட்டு நின்றார்கள். மாவிட்டபுரத்துக்கும் கீரிமலைக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். 1925இல் கீரிமலையில் தொடங்கிய பேச்சு அந்தச் சிறு தூரத்தைக் கடக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் போதவில்லை. இம்முறை அப்போராட்டத்தை நடத்தியவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே என்பது முக்கியமான வேறுபாடு.

வரலாற்றாய்வாளர் சீலன் கதிர்காமர் 1980இல் பேரின்பநாயகம் நினைவு மலரைத் தொகுத்து வெளியிட்டு இவ்வியக்கத்தின் வரலாற்றை மீட்டுத் தந்தார். மறு ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் பழைய இதழ்களும் சாம்பலாயின. ஓராண்டு முன்பே அம்மலர் அச்சேறியிராவிட்டால், இவ்வியக்கத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? சமாசனத்தைப் பொறாமல் 1930இல் எரிந்த பள்ளிகளையும் 1981இல் எரிந்த நூலகத்தையும் ஒருசேர நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கொளுத்திய கைகள் வேறு. எரிந்தது இரு முறையும் பிள்ளைகளின் படிப்பே.

பின்வந்த தலைமுறைகளின் இளைஞர்கள் வேறு பாதையில் நடந்தார்கள். அதன் விலையை உலகறியும். அவர்களையும் இவர்களையும் தராசிலிட்டு நிறுப்பது நம் நோக்கமன்று. காலமும் காயமும் வேறு வேறு. ஆயினும், ஆயுதத்தின் நிழல் விழுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு, அதே மண்ணில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி, முதலில் தம் சொந்தச் சமூகத்தின் அநீதியைக் களையவேண்டும், பிறகே அந்நியனிடம் உரிமை கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும் என்று எண்ணிச் செயற்பட்டார்கள் என்ற செய்தி நம் நினைவில் இருக்கவேண்டும். அவர்கள் பிழையும் செய்தார்கள். அப்பிழையையும் சேர்த்தே அவர்களை நினைப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்த முறை வகுப்பறையில் யாழ்நூலைப் பற்றியோ பத்துப்பாட்டு மொழிபெயர்ப்பைப் பற்றியோ சொல்ல நேரும்போது, கீரிமலைக் கடற்கரையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றிருக்கிறோம். பின்வரிசை வாங்கில் அமர்ந்திருக்கும் ஏதேனும் ஒரு மாணவருக்கு, தாம் அந்த வாங்கில் அமர்ந்திருப்பதற்குப் பின்னால் யார் யாருடைய உழைப்பெல்லாம் இருக்கிறது என்று தேடிப்பார்க்கத் தோன்றக்கூடும்.